கிம்ப்பின் ஷார்ப்பன் கருவி: ரசிகர் ஐகான் செய்பவர்களுக்காக ஒரு மதிப்புரை

அபிமான நடிகரின் முகத்தையோ கிரிக்கெட் வீரரின் முகத்தையோ ஒரு சிறு சதுரத்துக்குள் அடக்கி, வாட்ஸ்அப் டிபியாகவும் மன்றக் குழுவின் அடையாளப் படமாகவும் வைத்துக்கொள்ளும் வழக்கம் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து இளைஞர்களிடம் நன்றாக வேரூன்றிவிட்டது. இந்த ஐகான்களைக் கைபேசியிலேயே முடித்துவிடுகிறவர்கள் பலர். கணினி வைத்திருப்பவர்களில் சிலர் படங்களைத் திருத்த கிம்ப் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மென்பொருள் முழுவதையும் மதிப்பிடுவது இங்கே என் நோக்கமில்லை. அதில் உள்ள, படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் கருவியை மட்டும், ஐகான் வேலைக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்ற ஒரே கோணத்தில் பார்க்கிறேன். படத்தைப் பார்ப்பவர்கள் சொல்லும் குறைகளை இன்ன ஸ்லைடரால் (இழுத்து அளவு மாற்றும் பட்டையால்) வந்தது என்று அடையாளம் கண்டு சரிசெய்ய வழி இருப்பதால்தான் இதை நான் சிபாரிசு செய்கிறேன்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் 1995இல் தொடங்கிய மென்பொருள் இது. 1996இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2018இல் 2.10 வரிசை வந்தது, 2025 மார்ச்சில் 3.0 வெளியானது. ஃபில்டர்ஸ் பட்டியலில் என்ஹான்ஸ் என்பதன் கீழ் ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்) என்ற பெயருடன் நமது கருவி இருக்கிறது. இதன் செயல்முறை கணினிக் காலத்துக்கு முந்தையது. நெகட்டிவிலிருந்து மங்கலான பாசிட்டிவ் நகல் ஒன்றை எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து இருட்டறையில் பிரிண்ட் போட்ட புகைப்படக்காரர்களின் உத்தியைத்தான் மென்பொருள் கணக்காகச் செய்கிறது. படத்தின் மங்கலான நகல் ஒன்றை உள்ளுக்குள் தயாரித்து, அதற்கும் மூலப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அந்த வித்தியாசத்தைப் பெருக்கி மூலப் படத்தின் மேலேயே சேர்த்துவிடுகிறது. படத்தில் இல்லாத விவரம் எதையும் இது உண்டாக்குவதில்லை; விளிம்பின் ஒரு பக்கத்தை மேலும் வெளிச்சமாக்கி, மறுபக்கத்தை மேலும் இருட்டாக்குகிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு ஸ்லைடர்களின் குணம் தானாகவே விளங்கிவிடும்.

ரேடியஸ், அமௌன்ட், த்ரெஷோல்ட் என்ற மூன்று ஸ்லைடர்களில் ஐகான் செய்பவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டியது ரேடியஸ். மங்கல் நகல் எத்தனை பிக்சல் தூரம் பரவ வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. மென்பொருளைத் திறந்தவுடன் இதில் 3 என்ற எண் இருக்கும். திருமணப் புகைப்படம் போன்ற பெரிய படத்துக்கு அது பொருத்தமாக இருக்கலாம். 100 பிக்சல் அகலமுள்ள ஐகானுக்கு அது மிக அதிகம். அந்தச் சதுரத்தில் ஒரு முகம் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டால்கூட, ஒரு கண்ணின் அகலம் சுமார் 12 பிக்சல்தான் வரும். புருவத்துக்கும் இமைக்கும் நடுவே உள்ள இடைவெளி மூன்று நான்கு பிக்சலைத் தாண்டாது. அங்கே ரேடியஸை 3 என்று வைத்தால் புருவத்தின் கருமையும் கண்ணின் வெண்மையும் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன. நடிகை சாவித்திரியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இப்படிச் சோதித்துப் பாருங்கள். இமையோரத்தில் மெல்லிய கோடாக நீண்டிருக்கும் மை தடித்துப் புருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கண்களுக்கே உரிய சாந்தம் போய், வேறு யாரோ முறைத்துப் பார்ப்பது போலாகிவிடும். அதே படத்தில் ரேடியஸை 0.5க்கு இறக்கினால் மைக்கோடு கோடாகவே நின்று, கருவிழியில் இருக்கும் ஒற்றை ஒளிப்புள்ளியும் தெளிவாகத் தெரியும். 0.3 முதல் 0.6 வரை என்பது 100 பிக்சல் ஐகானுக்கு நான் சொல்லும் அளவு. டிபிக்காகப் பெரிதாகச் செய்கிறவர்கள் 1 வரை போகலாம்.

அமௌன்ட் என்பது வித்தியாசத்தை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கான அளவு. போட்டோஷாப்புக்காக எழுதப்பட்ட பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். அங்கே 100 சதவீதம் என்றால் இங்கே ஏறத்தாழ 1. சிறிய வித்தியாசங்களை ஒதுக்கும் த்ரெஷோல்ட் அங்கே 0 முதல் 255 வரை, இங்கே 0 முதல் 1 வரை. ஆகவே அங்கே 4 என்று சொல்லப்பட்டதை இங்கே 0.016 அளவில் வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 4 என்ற எண்ணைத் தேடுகிறவருக்கு ஸ்லைடர் அவ்வளவு தூரம் போகாது.

குடியாத்தத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், தோனி ஹெல்மெட் அணிந்து நிற்கும் படத்தை ஐகானாகச் செய்து நண்பர்கள் குழுவில் போட்டார். மஞ்சள் ஜெர்சி, பின்னால் பச்சைப் புல்தரை, முகத்துக்கு முன் கம்பி வலை. சென்னை அணியின் ரசிகர்கள் எல்லோரும் "வேற லெவல்" என்று பாராட்டினார்கள். மும்பை அணியை ஆதரிக்கும் ஒருவர் மட்டும், "தோளைச் சுத்தி சாக்பீஸால கோடு போட்ட மாதிரி இருக்கே" என்று எழுதினார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர் அணிக்காரன் வேறு எப்படிப் பேசுவான் என்று என்னிடம் கேட்டார். நான் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த மும்பை ரசிகர் சொன்ன கோடு அப்படியே இருந்தது: மஞ்சள் விளிம்பு வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகி, அதை ஒட்டியிருந்த புல் கரும்பச்சையாகி, தோளைச் சுற்றி இரண்டு பிக்சல் தடிமனில் ஒரு வளையம். அபிமானியின் கண் தன் மனத்தில் இருக்கும் தலைவரைப் படத்தில் பார்த்துக்கொள்கிறது. படத்தில் உள்ள பழுது அதற்குத் தெரிவதில்லை. அந்த அபிமானம் இல்லாதவர் கண்ணுக்குப் படம் மட்டுமே தெரிகிறது. ஆகவே எதிர் அணிக்காரர் சொல்லும் குறையை மற்றவர்கள் சொல்வதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர் எதற்காகச் சொன்னார் என்ற ஆராய்ச்சி நமக்குத் தேவையில்லை. அவர் சுட்டிய இடத்தில் வளையம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தால் போதும்.

அந்த வளையத்தைப் போக்க கிம்ப்பில் நல்ல வழி உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ணங்களையும் தனித்தனியே கூர்மையாக்கும்போதுதான் மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் நிறம் பிசகுகிறது. கருவியின் உரையாடல் பெட்டியிலேயே பிளெண்டிங் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பகுதி மடிந்திருக்கும். அதை விரித்து, மோட் (கலக்கும் முறை) என்ற இடத்தில் எல்சிஎச் லைட்னஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்ச அளவு மட்டும் கூர்மையாகி, நிறம் உள்ளபடியே இருக்கும். அதோடு ரேடியஸையும் குறைத்ததும் வளையம் மறைந்தது, கம்பி வலை மட்டும் பளிச்சென்று நின்றது. இதற்காக லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, மோட் மாற்றி, மறுபடி ஒன்றாக்கும் சுற்றுவழி பல பாடங்களில் சொல்லப்படுகிறது, 2.10 முதல் அது அவசியமில்லை.

த்ரெஷோல்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதை அது சொல்கிறது. பழைய படங்களின் மணல்மணலான பரப்பும், அதிகமாகச் சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்புகளில் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகத் தெரியும் கறையும் கன்னத்தில் முள்முள்ளாக எழும்பாமல் இருக்க இதைச் சிறிது ஏற்றினால் போதும். ஆனால் நம் ஊர் ஐகான்களில் இது மட்டும் போதாத ஓர் இடம் இருக்கிறது. தலைவரின் முகத்துக்குப் பின்னால் வேலூர்க் கோட்டை மதிலையும் அகழியையும் வைப்பது இங்கே பலருக்கும் விருப்பமானது. விஜயநகரக் காலத்துக் கருங்கல் மதில் அது. கல்லுக்குக் கல் இடுக்கும் புள்ளியும் நிறைந்த பரப்பு. படம் முழுவதையும் ஒரே அளவில் கூர்மையாக்கினால் கற்கள் ஒவ்வொன்றும் முன்னால் வந்து, முகத்தோடு போட்டி போடும். இங்கே த்ரெஷோல்டை மட்டும் நம்பாமல், லேயர் மாஸ்க் (அடுக்கின் சில பகுதிகளை மட்டும் மறைக்கும் திரை) போட்டு கண், மூக்கு, உதடு, மீசை ஆகியவற்றில் மட்டும் கூர்மை விழும்படி செய்துவிட வேண்டும். மதில் சற்று மங்கலாக நின்றால்தான் முகம் துலங்கும்.

எல்லாக் குறைகளும் சாக்பீஸ் கோடு போலத் தெளிவாக வந்துவிடுவதில்லை. "நல்லா இல்ல", "என்னமோ மாதிரி இருக்கு" என்பவைதான் அதிகம். அப்போது பதிலுக்கு வாதாடாமல், "எந்த இடத்துல அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இடத்தைச் சொல்லத் தெரிந்தவர் குறையையும் சொல்லிவிடுவார். கண்கள் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது என்றால் ரேடியஸ். முகம் வெட்டுவெட்டாக, கடுமையாக இருக்கிறது என்றால் அமௌன்ட். கன்னம் சொரசொரப்பாக இருக்கிறது என்றால் த்ரெஷோல்ட். சில நேரம் ஒருவர் மங்கல் என்பார், அதே படத்தை இன்னொருவர் கூர்மை அதிகம் என்பார். இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு அருகே பகல் வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கிறவர் கண்ணுக்கு மெல்லிய விவரங்கள் எல்லாம் கழுவிப்போய்விடும். இரவில் வீட்டில் படத்தை முழுத் திரைக்கு விரித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு பிக்சலும் தெரியும். எந்த அளவில், எங்கே பார்த்தார் என்று விசாரித்துவிட்டு, ஐகான் வழக்கமாகத் தெரியும் சிறிய அளவையே உரைகல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். கிம்ப்பில் 1 என்ற விசையை அழுத்தினால் படம் உள்ளபடியான அளவுக்கு வந்துவிடும். எந்த முடிவையும் அந்த அளவில்தான் எடுக்க வேண்டும்.

ஏற்கக் கூடாத விமர்சனம் ஒன்றும் இருக்கிறது. ரஜினிகாந்த் படத்தையோ விஜயகாந்த் படத்தையோ செய்து காட்டினால், "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களை நாம் கொண்டாடுவதே அந்த முகத்துக்காகவும் அந்த நிறத்துக்காகவும்தான். முகத்தை வெளுப்பாக்கும்போது நிழல்கள் கரைந்து, தாடையின் வடிவம் தட்டையாகி, அதை ஈடுகட்ட மேலும் மேலும் கூர்மை ஏற்ற வேண்டி வருகிறது என்பது தொழில்முறைக் காரணம். அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் நான் அதைச் செய்யமாட்டேன். ஐகான் செய்யும் தம்பிகளும் மரியாதையாகவே மறுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2.10இல் ஓகே கொடுத்தவுடன் கூர்மை படத்தோடு ஒன்றிவிடுகிறது. மறுநாள் ஒருவர் குறை சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனினும் முன்பு பயன்படுத்திய அளவுகளைக் கருவி தேதியும் நேரமும் போட்டுத் தன் பட்டியலில் வைத்திருக்கும், குறை சொல்லப்பட்ட படத்துக்கு என்ன அளவு வைத்தோம் என்று அங்கே தேடிப் பார்க்கலாம். 3.0இல் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது: ஃபில்டர் லேயரின் மேல் தனியாக நிற்கிறது, வேண்டியபோது திறந்து ரேடியஸை மட்டும் மாற்றலாம். கோப்பை கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்து வைத்தால்தான் இந்த வசதி நிலைக்கும். ஆரம்ப அளவாக 3 இருப்பது சிறிய படம் செய்கிறவர்களைத் தவறான திசையில் தொடங்கவைக்கிறது. நமக்கான அளவைப் பிரீசெட்டாக (மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் தயார் அளவாக) சேமித்துக்கொள்வதே வழி. படத்தை வெட்டி, சுருக்கி, வண்ணம் சரிசெய்த பிறகு கடைசி வேலையாகத்தான் கூர்மை சேர்க்க வேண்டும் என்பதை மென்பொருள் எங்கும் நினைவூட்டுவதில்லை.

கைபேசியில் படம் திருத்தும் ஸ்னாப்சீட் செயலி இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் என இரண்டு அளவுகள் இருக்கின்றன, ரேடியஸ் இல்லை. ஒரு டிபியை அவசரமாகச் செய்ய அது போதும். ஆனால் கண்ணோரத்தில் மை தடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அங்கே மொத்தக் கூர்மையையும் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. குறையோடு சேர்ந்து கண்ணின் ஒளியும் போய்விடும். ஆகவே மன்றத்துக்கோ குழுவுக்கோ நிலையாக நிற்கப்போகும் ஐகான் என்றால் கிம்ப்பில் செய்வதே நல்லது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு 2.10 போதும், அவர்கள் கூர்மை சேர்ப்பதற்கு முந்தைய படத்தை ஒரு தனி லேயரில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.