ஆன்லைன் பேச்சு வகுப்பு: பதிவு செய்து அனுப்புவதா, ஜூமில் நின்று பேசுவதா?

கலிஃபோர்னியாவில் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, அப்புறம் கால் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு மாறலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பேச்சு வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். மாறுவதற்கான பாடத்தேவைகளில் வாய்மொழித் தொடர்புக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பப் பெரும்பாலோர் எடுப்பது மேடைப்பேச்சு அறிமுகம். முன்பெல்லாம் கல்லூரிக்கு ஓர் எண் வைத்திருந்தார்கள். 2025 இலையுதிர் பருவம் முதல் மாநிலம் முழுக்க ‘காம் சி1000’ என்ற பொது எண் வந்துவிட்டது. மூன்று யூனிட், அதாவது மூன்று கிரெடிட். மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 138 டாலர்.

பள்ளியில் தமிழ் இலக்கிய மன்றக் கூட்டத்தில் நன்றியுரை சொல்லவே கால் நடுங்கியவள் நான். நாற்பது வயதில் இந்த வகுப்பை எடுத்தபோது, ஆன்லைன் என்ற சொல்லைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. ஆனால் வகுப்பு அட்டவணையில் ஆன்லைன் என்ற பெயரில் இரண்டு வேறு ஜாதி வகுப்புகள் இருக்கின்றன. ஒன்றில் நாள், நேரம் எதுவும் இருக்காது. பாடத்தைக் கேன்வாஸ் என்ற கல்லூரியின் பாட இணையதளத்தில் நாமே படித்து, பேச்சை வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும். அதுதான் அசிங்க்ரனஸ், நான் பதிவு வகுப்பு என்கிறேன். இன்னொன்றில் செவ்வாய், வியாழன் என்று நேரம் குறித்து ஜூமில் கூடுவார்கள். முதலாவதில் சேர்ந்து, மூன்றாவது வாரம் விலகி, அடுத்த பருவத்தில் இரண்டாவதை முடித்தேன். ஆகவே இரண்டின் ருசியும் தெரியும்.

பதிவு வகுப்பு எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் சேர்கிறார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், தப்பினால் திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கு. சிலபஸைத் திறந்தால் கணக்கு பொய்த்துவிடும். பேச்சு மற்றவர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டை ஏற்பதற்கான நிபந்தனை. அந்த மற்றவர்கள் நேரிலும் இருக்கலாம், திரையிலும் இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும். அதனால் வீட்டில் பேசினாலும் பார்வையாளர் தேவை. எனக்கு வந்த சிலபஸில் பதினெட்டு வயது தாண்டிய ஐந்து பேர், தொடக்கத்தில் அவர்கள் முகங்களைக் கேமரா காட்ட வேண்டும், நடுவில் நிறுத்தாத ஒரே பதிவு, எடிட்டிங் கூடாது, நின்றுகொண்டு பேச வேண்டும் என்று இருந்தது. எண்ணிக்கை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். சேரும் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வேலை நாள் மாலையில் ஐந்து பெரியவர்களை வரவேற்பறையில் உட்கார வைப்பது எத்தனை பெரிய காரியம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வடை, டீ செலவு தனி. தன்னறிமுகப் பேச்சுக்குப் பார்வையாளர் தேவைப்படவில்லை. அதைப் பதினான்கு முறை எடுத்தேன். பதினான்காவது முதலாவதைவிட மோசம். முகத்தில் உயிரே இல்லை, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரல். அடுத்த பேச்சுக்கு ஆட்களைச் சேர்த்தேன். இரண்டாவது டேக்கில் நான் நகைச்சுவையைத் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டு மாமி சிரித்துவிட்டார். மூன்றாவது டேக் கேட்க எனக்கே மனம் வரவில்லை.

ஊரிலுள்ள சொந்தங்களை ஜூமில் கூட்டலாமா என்றால், சில ஆசிரியர்கள் அனுமதிக்கிறார்கள். கோடைக்கால நேரக் கணக்கில் இங்கே இரவு ஏழரை என்றால் மதுரையில் மறுநாள் காலை எட்டு. காபியோடு உட்காரச் சித்தப்பாவுக்கு அது தோதான நேரம், குக்கர் விசில் மட்டும் பின்னணியில் வரும். ஜூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடம் தாங்கும், ஆறு நிமிடப் பேச்சுக்கு அது தாராளம். ஆனால் இலவசக் கணக்கில் போனிலிருந்து ரெக்கார்டு செய்ய முடியாது, கணினி வேண்டும்.

போனின் கேமராவில் எடுப்பவர்கள் முதலில் செட்டிங்கைப் பாருங்கள். ஐபோனில் 4கே ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி பிடிக்கும், 1080 என்றால் 60 எம்பி. ஏழு நிமிடப் பேச்சு 4கேயில் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். இரவு 11.59 கெடுவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தக் கோப்பை ஏற்றுவது கொடுமை. அனுபவித்தவள் சொல்கிறேன்.

ஜூம் வகுப்பில் இந்தத் தலைவலிகள் இல்லை. பார்வையாளர்களைக் கல்லூரியே தருகிறது: உங்களைப் போலவே பயந்துபோன இருபத்தைந்து பேர். பேச்சு நாளன்று வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள், எழுந்து நின்று பேசிவிட்டு உட்கார வேண்டியதுதான். இரண்டாவது டேக் கிடையாது. அதுதான் இதன் பெரிய பலம் என்பது என் கட்சி. முதல் வாக்கியத்தில் நாக்கு குழறினாலும் இரண்டாவதைச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிடவும் செய்கிறோம். நான்கு பேச்சு முடிந்தபோது பயம் போகவில்லை, ஆனால் அது வந்து போகும் நேரம் பிடிபட்டது. எனக்கு முதல் நாற்பது விநாடி. அதற்கான வாக்கியங்களை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்துகொண்டேன்.

குறையும் உண்டு. எல்லோரும் மைக்கை அணைத்திருப்பதால் நகைச்சுவை கிணற்றில் போட்ட கல்லாகிவிடும். சிரித்தார்களா, தூங்குகிறார்களா, தெரியாது. நம் முகம் நமக்கே தெரிவது அதைவிடத் தொல்லை. நம் முகத்தை நம் திரையில் மட்டும் மறைக்கும் ‘ஹைட் செல்ஃப் வியூ’வை அழுத்தியதும் பாதி பாரம் இறங்கியது. பார்வையைக் கேமராவில் வைக்க வேண்டும், திரையிலுள்ள முகங்களில் அல்ல. லேப்டாப்பை அரிசி டின் மேல் ஏற்றி லென்ஸைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். குறிப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி லென்ஸுக்கு மேலே ஒட்டினேன். முழு வாக்கியம் எழுதினால் கண் இடமிருந்து வலம் ஓடுவது பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பேச்சு நாளில் இணையம் போனால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான், ஆகவே போன் ஹாட்ஸ்பாட்டை முந்தின நாளே சோதித்து வைப்பது நல்லது.

பாடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தகவல் பேச்சு, இணங்கவைக்கும் பேச்சு, அவுட்லைன், பேசும்போதே ஆதாரத்தின் பெயரைச் சொல்வது எல்லாம் ஒன்றுதான். 1930களில் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ இணங்கவைக்கும் பேச்சுக்கென்று வகுத்த ஐந்து படிகளை (கவனம், தேவை, தீர்வு, காட்சி, செயல்) இரண்டிலும் எதிர்பார்க்கலாம்.

சரி, யாருக்கு எது? ஷிஃப்ட் வேலை, கைக்குழந்தை, பேசிப் பழகிய வாய் என்றால் பதிவு வகுப்பே போதும். ஆனால் இரண்டு டேக்குக்கு மேல் எடுப்பதில்லை என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். பயம்தான் பிரச்சினை என்றால் ஜூம். சொல்லப்போனால், கல்லூரி பக்கத்தில் இருந்தால் நேர் வகுப்பு இரண்டையும்விட மேல். அங்கே சிரிப்பு காதில் விழும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது: ஒரு பருவத்தில் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேர்வது ஓர் ஆன்லைன் வகுப்பு, மூன்று கிரெடிட், அவ்வளவே. நேரலையாக நடந்தாலும் ஜூம் வகுப்பும் ஆன்லைன்தான்.

பேசிப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1924இல் இதே கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் தொடங்கியது, இப்போது ஆன்லைனிலும் கூடுகிறார்கள். ‘ஆ’, ‘ம்’ எண்ணிச் சொல்ல ஓர் ஆளையே போடுவார்கள். தமிழில் நடத்தினால் ‘வந்து’வை எண்ணவே இரண்டு பேர் வேண்டும். பழக நல்ல இடம், முதல் பேச்சு நான்கு முதல் ஆறு நிமிடம். ஆனால் கிரெடிட் கிடையாது, ஆகவே வகுப்புக்கு மாற்றாகாது. பருவம் தொடங்கும் முன் ஒரு மாதம் போய் வந்தால் முதல் நாற்பது விநாடிக்கு உதவும்.

எந்த வகுப்பானாலும் முதல் வாரம் கேன்வாஸைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். அறிமுகக் குறிப்பைக் கெடுவுக்குள் போடாதவர்களை வகுப்புக்கு வராதவர்கள் என்று நீக்கிவிட்டு, காத்திருப்போர் பட்டியலிலிருந்து அடுத்தவரைச் சேர்ப்பது வழக்கம்.

இந்தப் பருவம் மாமியின் மகள் பதிவு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வியாழன் மாலை ஐந்து பேரில் ஒருத்தியாக நானும் போய் உட்கார வேண்டும். வடை உண்டாம்.