பழைய பிரிட்டிஷ் பங்க் சிங்கிள்கள்: பூட்லெக்கா, பெட்டியா, உரிமம் பெற்ற தொகுப்பா?

1976 முதல் 1982 வரை பிரிட்டனில் வெளிவந்த பங்க், அதைவிட மெட்டு தூக்கலான பவர்பாப் சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாடல் கொண்ட சிறு தட்டுகள்) அசல் பிரதிகளை வாங்கிச் சேர்ப்பது வசதி உள்ளவர்களின் வேலை. சொந்தச் செலவில் ஐந்நூறோ ஆயிரமோ அச்சடித்து, விற்றது போக மிஞ்சியதை நண்பர்களிடம் தள்ளிவிட்டு, அடுத்த ஆண்டே கலைந்துபோன குழுக்கள் ஏராளம். அந்தத் தட்டுகளில் நல்ல நிலையில் இருப்பது சந்தைக்கு வந்தால் விலையைப் பார்த்ததும் கை பின்வாங்கிவிடும். ஆகவே தொகுப்புகளே கதி என்று முடிவு செய்தவன் நான். ஆனால் எந்தத் தொகுப்பு?

மூன்று வகைகள் கிடைக்கின்றன. யாரிடமும் கேட்காமல் அச்சடிக்கப்பட்ட பூட்லெக் எல்.பி.கள் (நீளத் தட்டுகள்) முதல் வகை. செர்ரி ரெட் என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனம் போடும் கனத்த சிடி பெட்டிகள் இரண்டாவது. குழுக்களைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்கிச் சிறிய நிறுவனங்கள் வெளியிடும் தனித் தட்டுகள் மூன்றாவது. என் அலமாரியில் மூன்றும் உண்டு. இனிமேல் பணம் போடுவது மூன்றாவதில்தான் என்று தீர்மானித்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2016 இல் வந்த 'ஆக்‌ஷன் டைம் விஷன்' நான்கு சிடிகளில் 111 பாடல்கள் கொண்டது. பவர்பாப்புக்கு 2018 இல் வந்த 'ஹார்மனி இன் மை ஹெட்' மூன்று சிடி. புதிதாக உள்ளே வருபவருக்கு இந்த இரண்டையும் விடச் சிக்கனமான நுழைவாயில் கிடையாது. ஒலி ஒழுங்காக இருக்கிறது, குழுக்களைப் பற்றிய குறிப்பேடு இருக்கிறது, கடையில் கேட்டால் கிடைக்கிறது. குறை என்னவென்றால் பொதுவாக ஒரு குழுவுக்கு ஒரு பாடல்தான். அனைவரும் அறிந்த பெயர்களுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். கொஞ்ச காலம் கேட்டவருக்கு அவை ஏற்கெனவே வேறு வடிவில் வீட்டில் இருக்கும். அடுத்தடுத்த பெட்டிகளை வாங்கத் தொடங்கினால் தெரிந்த பாடல்களே மீண்டும் மீண்டும் தலைகாட்டும். ஒரு பெட்டி வாங்கலாம், இரண்டும் வாங்கலாம். அதற்கு மேல் பயன் குறைகிறது.

பூட்லெக்கை இவ்வளவு எளிதாகத் தாண்டிப் போக முடியாது. இந்தச் சேகரிப்புப் பித்தையே உருவாக்கியது அதுதான். 1989 இல் 'கில்டு பை டெத்' வரிசையின் முதல் தட்டு வந்தபோது இந்தச் சிங்கிள்களைப் பற்றி அறிந்தவர்கள் மிகச் சிலர். அந்த வரிசை பெரும்பாலும் அமெரிக்கப் பாடல்களைக் கொண்டது. ஆனாலும் அதன் பெயரே ஒரு வகைமையின் பெயராகி, விற்பனைப் பட்டியல்களில் விலையை ஏற்றும் அடைமொழியாகவும் ஆகிவிட்டது. அதன் வழியில் பிரிட்டனுக்கென 'பிளட்ஸ்டெய்ன்ஸ் அக்ராஸ் தி யுகே', 'டீனேஜ் ட்ரீட்ஸ்', பவர்பாப்புக்கென 'பவர்பேர்ல்ஸ்' என்று வரிசைகள் கிளம்பின. ('பிளட்ஸ்டெய்ன்ஸ்' என்ற பெயர் கலிபோர்னியாக் குழு ஒன்றின் பாடலிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் தொகுப்புக்கு அமெரிக்கப் பெயர். பூட்லெக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல.)

இவற்றின் பலம் தேர்வில் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாதவன் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுக்கலாம். 'அந்தப் பாட்டு வேண்டாம், எங்கள் புதுப் பாட்டைப் போடுங்கள்' என்று எந்தக் கிதார்காரரும் அவனிடம் பேரம் பேச முடியாது. ஒப்பந்தத் தாள் தொலைந்த கதை, இரண்டு உறுப்பினர்கள் முகம் பார்த்துப் பேசாத கதை எதுவும் அவனைத் தடுக்காது. அதனால் ஒரு நல்ல பூட்லெக் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மூச்சு விடாமல் ஓடும். வெறும் கேட்கும் சுகத்துக்கு மதிப்பெண் போட்டால் இன்றும் அவைதான் முன்னணியில் நிற்கும்.

ஒலியில்தான் பூட்லெக்குகள் அடி வாங்கும். 45 சுழற்சியில் ஓடும் ஏழு அங்குலத் தட்டில் இரண்டரை நிமிடப் பாட்டுக்கு விசாலமான இடம் உண்டு. அதனால் சத்தம் முகத்தில் அறையும். அதே பாட்டைத் தேய்ந்த தட்டிலிருந்து எடுத்து, ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்து என்று 33 சுழற்சி எல்.பி.யில் திணித்தால் சத்தம் தணிகிறது. மையத்தை நெருங்கும் பாடல்களில் 'ச'கர ஒலிகள் கரகரக்கின்றன. சிலருக்கு அந்தக் கரகரப்பே அழகு. எனக்கும் ஓரளவு அப்படித்தான். ஆகவே என் முடிவு ஒலியை வைத்து எடுத்ததல்ல.

மறுவிற்பனையும் ஒரு விஷயம்தான். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் விற்று வாங்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அதிகாரபூர்வமற்ற பதிப்புகளை விற்க அனுமதி இல்லை. தட்டின் விவரம் பட்டியலில் இருக்கும், விற்பனைப் பொத்தான் மட்டும் இராது. இசைத்தட்டுச் சந்தைகளில் கைமாற்றிக்கொள்ளலாம். விற்கும் எண்ணமே இல்லாதவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது குறிப்பேடு. அதன் பின்னால் இருக்கும் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உரிமம் வாங்க வேண்டுமானால் முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரே ஒரு சிங்கிள் போட்டுவிட்டு மறைந்த குழுவின் டிரம்மர் இப்போது எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரிக்க வேண்டும். அவர் வழியாகப் பாடகரை, பாடகர் வழியாகப் பணம் போட்டவரை. அப்படித் தேடிப் போனவரிடம் அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பதில்லை. படம் தருகிறார்கள், நிகழ்ச்சிச் சுவரொட்டி தருகிறார்கள். பரணில் கிடக்கும் ஒலிநாடாவையும் எடுத்துத் தருகிறார்கள். அனுமதி கேட்பது நேர்மையின் பாற்பட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஓர் ஆராய்ச்சி முறையும்கூட. பூட்லெக்காரருக்கு அந்தத் தேடல் தேவைப்படவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உறையில் இருந்த அளவுதான். என்னிடம் உள்ள ஒரு பூட்லெக்கில் ஒரு குழுவின் ஊரே தவறாக இருக்கிறது. திருத்த யாரும் வரப்போவதில்லை.

'ஊர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பாட்டைக் கேள்' என்று ஒரு கட்சி சொல்லும். மற்ற இசைக்கு அது பொருந்தலாம். இந்தச் சிங்கிள்களுக்குப் பொருந்தாது. இவை எப்படி உருவாயின என்ற தகவலே இவற்றின் பாதிச் செய்தி. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய 500 பவுண்டில் தாங்களே வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே எத்தனை முறை ஒலி சேர்த்தார்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 1978 இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி தங்கள் முதல் சிங்கிளின் உறையில் ஒலிப்பதிவுக்கும் அச்சுக்கும் ஆன செலவுக் கணக்கையே போட்டுவிட்டார்கள். நீங்களும் செய்யலாம் என்று மற்றவர்களுக்குச் சொன்ன சேதி அது. அதைக் கேட்டுத்தான் சிறு ஊர்களில் அத்தனை சிங்கிள்கள் முளைத்தன. அப்படிப்பட்ட ஒரு தட்டிலிருந்து பாட்டை மட்டும் உருவி எடுத்து, உறையைத் தபால்தலை அளவில் ஒட்டி வெளியிட்டால், கையில் மிஞ்சுவது வேகமான கிதார் மட்டுமே.

மேற்கு சஸ்ஸெக்ஸின் மிட்ஹர்ஸ்ட் ஊரிலிருந்து இயங்கும் டிடூர் ரெக்கார்ட்ஸ் தன் பங்க் கிளையான பின் லைனர் வழியாக வெளியிடும் 'போர்டு டீனேஜர்ஸ்' வரிசையை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு குழுவுக்கு ஒரே பாட்டு என்ற கட்டாயம் அங்கே இல்லை. சிங்கிளோடு வெளிவராத ஒலிப்பதிவுகளும் சேர்கின்றன, குறிப்பேட்டில் படங்களும் குழுவின் வரலாறும் இருக்கின்றன. ஒரு குழுவின் இரண்டு மூன்று பாடல்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது அந்தப் புகழ்பெற்ற சிங்கிள் குருட்டு அதிர்ஷ்டமா, கையில் சரக்கு இருந்ததா என்பது விளங்கிவிடும். ஒரு குழுவுக்கு ஒன்று என்று எடுக்கும் தொகுப்பு அந்தச் சோதனைக்கு இடம் தருவதில்லை.

இந்த வரிசையின் குறைகளும் அதே இடத்திலிருந்து வருகின்றன. கிடைத்த ஒலிநாடாவைப் போடாமல் இருக்க மனம் வராததால், ஒத்திகை அறையின் மூலையில் வைத்த ஒலிப்பதிவுக் கருவியில் சிக்கியது போன்ற பாடல்களும் உள்ளே வந்துவிடுகின்றன. தட்டின் நடுவில் வேகம் தொய்கிறது. குறிப்பேட்டில் எழுதுபவர்கள் பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதுகிறார்கள். பிபிசி தொகுப்பாளர் ஜான் பீல் தங்கள் பாட்டை வானொலியில் ஒலிபரப்பினார் என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மனிதர் ஒலிபரப்பியது ஏராளம் என்பதால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. மூல நாடா கிடைக்காத இடங்களில் உரிமத் தொகுப்பும் தட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே உரிமம் என்றாலே தெள்ளிய ஒலி என்று எண்ணிவிட வேண்டாம்.

இதே வகையில் இன்னொரு கிளை உண்டு. செர்ரி ரெட்டின் துணை நிறுவனமான அனக்ராம், ஒவ்வொரு சிறு லேபிளின் (தட்டு வெளியிடும் நிறுவனத்தின்) சிங்கிள்களையும் தனித்தனித் தட்டாகத் தொகுத்தது. ஸ்மால் வொண்டர், குட் வைப்ரேஷன்ஸ், ரா மூன்றையும் அருகருகே வைத்துக் கேட்பதை நான் பரிந்துரைப்பேன். முதலாவது கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் பீட் ஸ்டென்னட் நடத்திய இசைத்தட்டுக் கடையில் பிறந்தது. இரண்டாவது பெல்ஃபாஸ்டில் டெர்ரி ஹூலியின் கடையில். மூன்றாவது கேம்பிரிட்ஜில் லீ வுட்டின் கடையில். கல்லாவில் உட்கார்ந்து, எந்தத் தட்டைக் கேட்டு எவன் உள்ளே வருகிறான் என்று தினமும் பார்த்தவர்கள் தங்கள் காதை நம்பிப் பணம் போட்டார்கள். ரா தொகுப்பில் யூசர்ஸ் குழுவின் மூர்க்கமும், பின்னாளில் டெக்ஸிஸ் குழுவால் புகழ்பெற்ற கெவின் ரோலண்டின் முந்தைய குழுவான கில்ஜாய்ஸும் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். அந்தக் கடைக்காரரின் ருசி எதுவென்று ஐந்தாறு பாடல்களில் பிடிபட்டுவிடும். லேபிளின் சோடைகளும் கூடவே வரும், தாண்டிப் போய்விடலாம்.

வீட்டில் செய்த கையெழுத்துப் பிரதி போன்ற, பங்க்கைவிட விசித்திரமான சிங்கிள்களில் ஆர்வம் இருந்தால் அமெரிக்காவின் சக் வார்னர் தொகுத்த 'மெஸ்தெடிக்ஸ்' வரிசையைத் தேடுங்கள். பிற்காலத் தட்டுகளை அவர் ஊர்வாரியாகப் பிரித்திருக்கிறார். தென் வேல்ஸுக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று என்று.

பவர்பாப்புக்கு வரும்போது என் வாதம் வலுவிழக்கிறது. பங்க் சிங்கிள்களில் பெரும்பகுதி குழுவின் கையிலோ ஒரு கடைக்காரரின் கையிலோ இருந்த சொத்து. பவர்பாப்பின் கதை வேறு. 1978 இன் தொடக்கத்தில் லண்டன் இசைப் பத்திரிகைகள் அடுத்த அலை இதுதான் என்று கொட்டி முழக்க, பெரிய நிறுவனங்கள் முண்டியடித்துக் குழுக்களை ஒப்பந்தம் செய்தன. ப்ளீஸர்ஸ் அரிஸ்டாவுக்கும் ரெக்கார்ட்ஸ் குழு வெர்ஜினுக்கும் போனார்கள். ஜாக்ஸ் ஐலண்டுக்கு, ஸ்டார்ஜெட்ஸ் எபிக்குக்கு. பாதிப் பேர் ஒன்றிரண்டு சிங்கிளோடு கைவிடப்பட்டார்கள், உரிமையோ நிறுவனத்தின் கிடங்கிலேயே தங்கிவிட்டது. சஸ்ஸெக்ஸில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம் டிரம்மரைத் தேடிப் பிடித்து என்ன பயன்? கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இல்லையே. பன்னாட்டு நிறுவனத்தின் உரிமப் பிரிவுக்கு ஆயிரம் சிடி விற்கும் தொகுப்பு ஒரு தொந்தரவு.

1993 இல் அமெரிக்காவின் ரைனோ நிறுவனம் தன் டி.ஐ.ஒய். ('நீங்களே செய்யுங்கள்') வரிசையில் பிரிட்டிஷ் பாப்புக்கென்றே இரண்டு தட்டுகள் போட்டது. பழைய பிரதியாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் ஓரளவு அறியப்பட்ட பெயர்கள். யாரும் அறியாத பவர்பாப் சிங்கிள்களுக்கு 'பவர்பேர்ல்ஸ்' போன்ற பூட்லெக்குகளை விட்டால் எனக்குத் தெரிந்து பெரிய வழியில்லை. என் கொள்கைக்கு இது இடிக்கிறது. இருந்தும் அவற்றை வைத்திருக்கிறேன், கேட்கவும் செய்கிறேன். ஜப்பானில் சிறு நிறுவனங்கள் இத்தகைய சிங்கிள்களை மறுபதிப்புச் செய்கின்றன. அவற்றோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. கையில் எடுத்துப் பார்த்த சிலவற்றின் அச்சு நேர்த்தியாக இருந்தது என்பதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

விலை கட்டுப்படியாகும் நான்காவது வழியும் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்திலேயே முறையாக வந்த தொகுப்புகள். 1977 இல் பெக்கர்ஸ் பாங்க்வெட் நிறுவனம் 'ஸ்ட்ரீட்ஸ்' என்ற தட்டில் பல சிறு லேபிள்களின் சிங்கிள்களைத் திரட்டியது. 1979 இல் செர்ரி ரெட், ஸிக்ஸாக் பத்திரிகையோடு சேர்ந்து 'பிசினஸ் அன்யூஷுவல்' வெளியிட்டது. எந்தக் குழு பின்னாளில் அரிதாகும், எது புகழ்பெறும் என்று தெரியாத நிலையில் தேர்ந்தெடுத்தவை என்பதால் இவற்றில் சேகரிப்பாளரின் மிதப்பு இல்லை. உரிமமும் உண்டு, டிஸ்காக்ஸில் விற்கவும் தடையில்லை. புதிதாகத் தொடங்குபவர் ஒரு செர்ரி ரெட் பெட்டி, 'ஸ்ட்ரீட்ஸ்' பழைய பிரதி ஒன்று, அனக்ராமின் ஸ்மால் வொண்டர் தொகுப்பு ஆகியவற்றோடு தொடங்கலாம். அதன் பிறகும் பசி அடங்கவில்லையென்றால் 'போர்டு டீனேஜர்ஸ்' வரிசையில் எந்த எண் கையில் கிடைக்கிறதோ அதிலிருந்து ஏறிக்கொள்ளலாம், வரிசைப்படி வாங்க வேண்டிய தேவையில்லை.