"கையால் வரைந்த சீனச் சுருள் ஓவியம்" வாங்கப் போகிறீர்களா? உஷார்

பழைய சீன ஓவியர் ஃபான் குவானின் 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்' ஓவியத்தைப் பார்த்து, பட்டுத்துணியில் மையால் வரைந்த பிரதி என்று சொல்லி ஓர் ஆன்லைன் விற்பனையாளர் 18,000 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டியது வெறும் இங்க்ஜெட் பிரிண்ட். பிரித்துப் பார்த்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

முதலில் அளவைக் கேளுங்கள். மூல ஓவியம் தைவான் தலைநகர் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 206.3 செ.மீ., அகலம் 103.3. கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு. எங்களுக்கு வந்தது 120க்கு 80. பிரேமில் அடங்குவதற்காக அடிப்பக்கம் கால்வாசியை வெட்டிவிட்டார்கள்.

ஓவியத்தின் உயிரே அந்தக் கால்வாசியில்தான். மேலே மூன்றில் இரண்டு பங்கை ஒரே மலை அடைத்து நிற்கிறது. கீழே வலது ஓரத்தில் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இயற்கையில் மனிதனுக்கு எவ்வளவு இடம் என்று காட்டுவது அந்தச் சின்ன உருவங்கள். அவர்கள் இல்லாவிட்டால் மலை எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குத் தெரியாது. ஃபான் குவான் தன் கையொப்பத்தையும் அங்கேயே இலைகளுக்குள் மறைத்து வைத்தார். சுமார் 1000ஆம் ஆண்டில் வரைந்த படத்தில் அதைக் கண்டுபிடித்தது 1958இல்தான். அதையும் சேர்த்து வெட்டிவிட்டு 'அசலைப் போலவே' என்று விற்பது அநியாயம்.

அடுத்தது லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் பெரும்பாலும் போதும். மலையடியில் பனிமூட்டம் வெளிறித் தெரியும் இடத்தைப் பாருங்கள். பிரிண்டாக இருந்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று புள்ளி புள்ளியாக இருக்கும். பழைய பட்டின் பழுப்பு நிறம்கூடப் புள்ளிதான். கையால் வரைந்ததில் புள்ளியே வராது. மை நூலிழைக்குள் இறங்கியிருக்கும், ஒரு பூச்சின் மேல் அடுத்த பூச்சு விழுந்த இடம் கறுத்திருக்கும். சீன ஓவியங்களில் சிவப்பாகக் குத்தியிருக்கும் முத்திரையையும் விடாதீர்கள். எண்ணெய் கலந்த சிவப்புக் குழம்பில் குத்தியது சாய்ந்த டார்ச் வெளிச்சத்தில் லேசாக மேலெழுந்து தெரியும். அச்சடித்த முத்திரை தட்டையாகவே கிடக்கும்.

பின்புறம் ஒட்டிய தாளைப் பற்றியும் கேளுங்கள். மாவுப் பசையில் ஒட்டியிருந்தால் பிறகு நனைத்துப் பிரித்து மறுபடி ஒட்டலாம். சூட்டில் உருகும் பிளாஸ்டிக் படலம் என்றால் பழுது பார்ப்பது பெரும்பாடு. எங்களுடையதில் மழைக்காலத்திலேயே ஓரம் சுருண்டு நடுவில் கொப்புளம் வந்துவிட்டது.

பணம் அனுப்புவதற்கு முன் பனிமூட்டம், முத்திரை இரண்டையும் லென்ஸ் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.