குளோபல் பப்ளிக் ஹெல்த் மைனர்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

முதலில் ரேட்டிங்கைச் சொல்லிவிடுகிறேன்: 5க்கு 3.5. எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற பாடம்) கோர்ஸுக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் யோசிக்காமல் 5 போடுவேன், வெளிநாட்டுக் களப்பயணத்துக்கு 1 போடுவதே அதிகம். மற்ற கோர்ஸ்களையும் சேர்த்தால் சராசரி அப்படித்தான் வந்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜரோடு (முக்கியப் பாடம்) சேர்த்து, மைனராக (துணைப் பாடம்) இதை முடித்தேன். பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து இளங்கலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் அடிக்கடி கேட்கிறார்கள், "அந்த மைனர் எடுத்தால் என்ன கிடைக்கும்?" என்று. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

மைனர் என்பது பெரும்பாலும் ஐந்தாறு கோர்ஸ், 15 முதல் 18 கிரெடிட். எங்கள் சித்தப்பா போனில், "ஏம்மா, அது டாக்டர் படிப்பா, சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பா?" என்று கேட்டார். சிரித்தேன், ஆனால் கேள்வி சரியான கேள்விதான். இரண்டும் இல்லை, இரண்டாவதுக்குக் கொஞ்சம் கிட்டே. இந்த ஆளுக்கு ஏன் பேதி வந்தது என்று கேட்பது டாக்டர் வேலை. இந்தத் தெருவில் இத்தனை பேருக்கு வந்திருக்கிறதே, பக்கத்துத் தெருவில் ஏன் வரவில்லை என்று கேட்பது இங்கே. அமெரிக்காவில் இந்தப் பாடம் நெடுங்காலம் முதுகலையில்தான் இருந்தது. 2003இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்கிற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, எந்த மேஜர் படிக்கிற இளங்கலை மாணவருக்கும் இது எட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகுதான் கல்லூரி கல்லூரியாக இளங்கலையில் கடை விரித்தார்கள். கொரோனா வந்ததும் கூட்டம் இன்னும் கூடியது.

அறிமுக கோர்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய ஹால், ஸ்லைடுகள், 1948இல் உலக சுகாதார நிறுவனம், 1978இல் எல்லாருக்கும் அடிப்படை மருத்துவம் வேண்டும் என்ற ஆல்மா-ஆட்டா பிரகடனம், 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிப்பு, அப்புறம் எச்.ஐ.வி., அப்புறம் கொரோனா. எழுத்துத் தேர்வு சுலபம். நல்ல கிரேடு வேண்டும் என்று ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகிற) பிள்ளைகள் மொய்க்கிற இடம் இதுதான். ஆனால் இதை வைத்து மைனரை எடை போடாதீர்கள், சரக்கு அடுத்த கோர்ஸில் இருக்கிறது.

எபிடெமியாலஜி. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோவின் கதையை நம்மில் பலர் பாதியோடு நிறுத்தியிருப்போம்: 1854, லண்டன், பிராட் தெரு பம்பு, கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது. கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. அதற்கு முன்னாலேயே சாவு இறங்க ஆரம்பித்துவிட்டது, ஜனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதும் அதற்கு ஒரு காரணம் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஹோம்வொர்க்காக வந்தது அவர் செய்த இன்னொரு வேலை, அதுதான் அசல் வேலை. தெற்கு லண்டனில் பல தெருக்களில் இரண்டு தனியார் கம்பெனிகள் பக்கத்தில் பக்கத்தில் குழாய் பதித்துத் தண்ணீர் விற்றன. லாம்பெத் கம்பெனி 1852இல் தண்ணீர் எடுக்கிற இடத்தைத் தேம்ஸ் ஆற்றில் ஊருக்கு மேலே, லண்டன் சாக்கடை எட்டாத பக்கம் மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி பழைய இடத்திலேயே, சாக்கடை கலக்கிற தண்ணீரையே எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே தெரு, ஒரே காற்று, ஏழையும் பணக்காரரும் இரண்டு பக்கத்திலும் கலந்து. குழாய் மட்டும் வேறு. ஸ்னோ சாவு விழுந்த வீடுகளில் ஏறி இறங்கி எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று விசாரித்தார். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியாத வீடுகளில் தண்ணீரைப் பிடித்துவந்து அதிலுள்ள உப்பின் அளவைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்தார்.

எங்கள் கையில் கொடுத்தது வெறும் நாலு எண்கள். ஒரு கம்பெனிக்கு 40,046 வீடு, 1,263 சாவு. இன்னொன்றுக்கு 26,107 வீடு, 98 சாவு. விகிதத்தை எடு, ஒப்பிடு, அப்புறம் இதை எதிர்ப்பவர் என்னென்ன சொல்வார் என்று ஒரு பக்கம் எழுது. 10,000 வீட்டுக்கு ஒன்றில் 315, மற்றதில் 37. எட்டு மடங்கு. கிருமி என்று ஒன்று காலராவுக்குக் காரணம் என்பதை மருத்துவ உலகம் ஏற்காத காலத்தில், மைக்ரோஸ்கோப்பை நம்பாமல், வகுத்தலை நம்பி ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். எக்செல்லில் அந்த நாலு கட்டத்தை நிரப்பும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது, அல்காரிதம் கிளாஸில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

அதே கோர்ஸில் இன்னொரு கணக்கு. நூற்றில் ஒருவருக்கு இருக்கிற நோய். டெஸ்ட் 99 சதவீதம் துல்லியம், நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் சொல்வதில். உங்களுக்கு பாசிட்டிவ் என்று வந்துவிட்டது, நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 99 என்றார்கள். 10,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: நோய் உள்ள 100 பேரில் 99 பேருக்கு பாசிட்டிவ், நோயில்லாத 9,900 பேரில் தவறாக பாசிட்டிவ் வருவதும் அதே 99 பேருக்கு. ஆக, பாதிக்குப் பாதி. மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று பேக்கேஜ் போட்டு, அறிகுறி எதுவுமே இல்லாதவர்களுக்கு ஒரு கூடை டெஸ்ட் எடுக்கிற விளம்பரத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடுகிறது. வீட்டில் சொன்னேன், "எல்லாம் தெரிந்த மாதிரி பேசாதே" என்று அம்மா செக்கப்புக்குப் போய்விட்டார்.

மூன்றாவதாக எடுத்தது, ஆய்வு நெறிகளும் வரலாறும் சேர்ந்த ஒரு சிறிய வகுப்பு. இருபது பேர்கூட இல்லை. அதில் ஒரு வாரம் ஸ்லைடில் "மெட்ராஸ்" என்று வந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்து ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுப்பதுதான் வைத்தியம் என்று உலகம் முழுக்க நம்பிய காலம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் எல்லாரும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டுக் குழுவில் இருந்தவர்கள் நகரத்து ஏழைகள், நெரிசலான வீடு, சாப்பாடும் சானடோரியத்தைவிட மட்டம். 1959இல் முடிவு வெளியானது: இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாகியிருந்தது, வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோய்க்காரரை வீட்டிலிருந்து பிரிக்காமல் வைத்தியம் பார்க்கலாம் என்று உலகம் மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பள்ளியில் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அட்லாண்டிக் தாண்டி வந்து டாலரில் ஃபீஸ் கட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதே வகுப்பில் டாலி என்கிற கணக்கை வைத்து ஒரு வாரம் சண்டை போட்டோம். சீக்கிரம் செத்ததால் இழந்த வருஷங்களையும் நோயோடு வாழ்ந்ததால் இழந்ததையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிற அளவுகோல் அது, உலக வங்கியின் 1993 அறிக்கையால் பிரபலமானது. ஆரம்பத்தில் அதில் வயதுக்கு ஒரு வெயிட் வைத்திருந்தார்கள்: இளவயதுக்காரரின் ஒரு வருஷம், குழந்தையின் வருஷத்தையும் கிழவரின் வருஷத்தையும்விட மதிப்பு கூடியது! 2010 கணக்கீட்டில்தான் அதை எடுத்தார்கள். யார் உட்கார்ந்து இந்த வெயிட்டை எல்லாம் முடிவு செய்தது என்று பிரொஃபசரிடம் கேட்டோம். "அதைக் கேட்கத்தான் இந்த வகுப்பு" என்றார். நல்ல மனுஷர்.

இனி குறைகள். களப்பயணம்: இரண்டு வாரம், கிரெடிட் உண்டு, ஃபீஸ் தனி, விமானம் தனி. ஏற்பாடு செய்தது வெளி ஏஜென்சி. ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள், எங்களில் யாருக்கும் அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை தெரியாது. பயிற்சியே இல்லாத பிள்ளைகள் பி.பி. பார்த்தார்கள், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக் குழந்தைகளோடு போட்டோ எடுத்தார்கள், அந்தக் குழந்தைகளின் அம்மாக்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே ஒரே ஒரு நர்ஸ். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து, கதவில் தொங்குகிற தாளில் பேனாவால் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். பப்ளிக் ஹெல்த் என்றால் என்ன என்பதற்கு அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரே பாடம் அந்தத் தாள்தான். அதையும் எங்களுக்கு விளக்க வேண்டி வந்ததால், வெளியே வரிசையில் நின்றவர்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். இந்தப் பயணம் கட்டாயம் இல்லை என்றால் தயவுசெய்து போகாதீர்கள். கட்டாயம் என்றால் அந்த மைனரையே மறுபடி யோசியுங்கள்.

பாடத்திட்டத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. "குளோபல்" என்றால் ஏழை நாடு என்றே அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். 2014இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரத்தில் தண்ணீர் எடுக்கிற இடத்தை ஆற்றுக்கு மாற்றியதால் குழாயில் ஈயம் வந்த கதை, ஸ்னோவின் கதைக்கு நேர் வாரிசு. அதை எங்கள் கோர்ஸ்களில் எதிலுமே தொடவில்லை. வேறு டிபார்ட்மெண்டாம்.

வேலை? நேராகச் சொல்கிறேன், இந்த மைனரைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள். இந்தத் துறையில் நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் எம்.பி.எச். (பப்ளிக் ஹெல்த் முதுகலைப் பட்டம்) வேண்டும். அங்கீகாரம் பெற்ற எம்.பி.எச்.சுக்குக் குறைந்தது 42 கிரெடிட், இந்த மைனர் அதில் எதையும் குறைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். நம் பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் படித்து முடித்தபின் ஓ.பி.டி.யில் (அந்த விசாவிலேயே கொஞ்ச காலம் வேலை பார்க்க விடும் அனுமதி) வேலை பார்க்கும்போது, அந்த வேலை உங்கள் மேஜரோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், மைனர் கணக்கில் வராது. இது தெரியாமல், மைனரைக் காட்டி என்.ஜி.ஓ.வில் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதோடு 2025இல் அமெரிக்கா யு.எஸ்.எய்டு என்கிற தன் வெளிநாட்டு உதவி அமைப்பை இழுத்து மூடியது, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. இந்தத் துறையில் எனக்கு முன்னால் படித்து வேலையில் இருந்த சீனியர்களே ரெஸ்யூமேயைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வாஷிங்டனில் குளோபல் ஹெல்த் வேலை என்ற கனவோடு இப்போது இதைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டாட்ஸ், கோடிங், எக்கனாமிக்ஸ், பயாலஜி மாதிரி கையில் ஒரு தொழில் வைத்துக்கொண்டு, கூடவே இதைப் படிப்பவருக்குத்தான் பலன். எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது கோடிங்கால், ஆனால் அது ஹெல்த் டேட்டா டீமாக இருந்ததற்கும், முதல் வாரத்திலேயே "இந்த சதவீதம் மொத்தம் எத்தனை பேரில்?" என்று மீட்டிங்கில் நான் வாயைத் திறந்ததற்கும் இந்த மைனர்தான் காரணம்.

ஆபீஸ் விஷயங்கள் சுருக்கமாக. அட்வைசர் மெயிலுக்குப் பதில் வரத் தாமதமாகும். எபி (எபிடெமியாலஜி) கோர்ஸில் மேஜர் மாணவர்களுக்குத்தான் முதல் இடம், மிச்சம் இருந்தால் நமக்கு, ஆகவே கடைசி வருஷத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். பல இடங்களில் ஒரே கோர்ஸை மேஜருக்கும் மைனருக்கும் இரண்டு தடவை கணக்கில் எடுக்கவிடமாட்டார்கள், ஸ்டாட்ஸ் கோர்ஸ் விஷயத்தில் இது உதைக்கும். செமஸ்டருக்கு 18 கிரெடிட் வரை ஒரே ஃபீஸ் என்கிற கல்லூரியாக இருந்தால் மைனருக்குத் தனிச் செலவில்லை. கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடமானால் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மைனரை டிக்ளேர் (கல்லூரியில் பதிவு) செய்வதற்கு முன் எபி கோர்ஸின் சிலபஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாராவாரம் கணக்கு ஹோம்வொர்க் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். வெறும் எஸ்ஸேயும் குரூப் பிரசன்டேஷனும்தான் என்றால் விட்டுவிடுங்கள், அதே கிரெடிட்டுக்கு ஸ்டாட்ஸ் டிபார்ட்மெண்டில் இரண்டு கோர்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.