உலக வங்கியின் டேட்டா தளம்: கென்யாவைப் பிராந்தியத்தோடு ஒப்பிடப் போகிறவர்களுக்கு

ஒரு நாட்டில் வங்கியும் மற்ற நிதி நிறுவனங்களும் எவ்வளவு ஆழமாகக் காலூன்றியிருக்கின்றன என்று பார்க்க, இலவசமாகக் கிடைப்பதில் உலக வங்கியின் டேட்டா தளத்தைவிட வசதியானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் கொடு என்ற தொல்லையெல்லாம் கிடையாது. தனியார் துறைக்குப் போன உள்நாட்டுக் கடன் ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், எத்தனை விழுக்காடு என்ற வரிசையைத் திறந்து, கென்யாவைப் போட்டு, கூடவே சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவையும் சேர்த்தால் இரண்டு கோடும் ஒரே படத்தில் வந்துவிடும்.

சிக்கல் அந்த இரண்டாவது கோட்டில்தான். பல ஆண்டுகளாகக் கென்யா அதற்குக் கீழேதான் ஓடுகிறது, பார்த்தவுடன் கென்யா வங்கிகள் அக்கம்பக்கத்து நாடுகளைவிடப் பின்தங்கியவை என்று எழுதத் தோன்றும், தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பிராந்தியக் கணக்கில் பெரிய பொருளாதாரத்துக்குப் பெரிய எடை. தென்னாப்பிரிக்காவின் விகிதம் பல ஆண்டுகள் 100 விழுக்காட்டைத் தாண்டியது, அந்த ஒரு நாடே கோட்டை மேலே தூக்கிவிடுகிறது. பிராந்தியத்தை எடுத்துவிட்டு உகாண்டா, தான்சானியாவைச் சேர்த்துப் பாருங்கள், 30 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் கென்யா இரண்டுக்கும் வெகு மேலே இருக்கும். வங்கிகள் மட்டும் கொடுத்த கடன் என்று தனி வரிசையும் உண்டு. அதில் தென்னாப்பிரிக்கா நன்றாகவே இறங்கிவிடும், கென்யா அவ்வளவாக அசையாது. ஒப்பிட எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்புறம், கோடு ஏன் இறங்குகிறது என்பதைத் தளம் சொல்லாது, நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். 2014-ல் கென்யா ஜிடிபியை மறுகணக்கிட்டபோது 2013-க்கான தொகை ஏறக்குறைய 25 விழுக்காடு கூடியது, நைஜீரியாவுக்கோ 89 விழுக்காடு. வகுக்கும் எண் பெருத்தால், கடன் ஒரு ஷில்லிங்கூடக் குறையாமலே விகிதம் சரியும். 2016-க்குப் பிந்தைய கென்யாவின் சரிவு வேறு கதை. அந்த செப்டம்பரில் கடன் வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வந்தது, மத்திய வங்கியின் வட்டி விகிதத்துக்கு மேல் 4 விழுக்காட்டுப் புள்ளிதான் என்றதும் வங்கிகள் சிறு வியாபாரிகளை விட்டுவிட்டு அரசுப் பத்திரங்கள் பக்கம் போயின, 2019 நவம்பரில்தான் அது நீக்கப்பட்டது. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் படத்தை அறிக்கையில் ஒட்டுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

கென்யாவின் கைபேசிவழிப் பணச் சேவையான எம்-பெசா எங்கே என்று கேட்பீர்கள். 2007-ல் வந்த அந்தச் சேவையில் அனுப்பும் பணம் கடன் இல்லையே, அதனால் இந்த விகிதத்தில் அது தெரியவே தெரியாது. கென்யாவின் நிதி அணுகல் ஆய்வுப்படி முறையான நிதிச் சேவையைப் பயன்படுத்தும் பெரியவர்கள் 2006-ல் 26.7 விழுக்காடு, 2019-ல் 82.9. இவ்வளவு பெரிய மாற்றம் ஆழத்தைக் காட்டும் கோட்டில் தடமே இல்லாமல் போகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அதைப் பார்க்க, மக்கள் நிதிச் சேவைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உலக வங்கியே நடத்தும் ஃபின்டெக்ஸ் ஆய்வைத் தனியாகத் திறக்க வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) நிதி வளர்ச்சிக் குறியீடு ஆழம், அணுகல், செயல்திறன் மூன்றையும் பிரித்துத் தருவது நல்ல விஷயம், ஆனால் அங்கேயும் நிதி நிறுவனங்களுக்கான அணுகல் என்றால் வங்கிக் கிளையும் ஏடிஎம்மும்தான்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் ஜிப்புக்குள் மூன்று கோப்புகள் இருக்கும். பெரியதில் முதல் நான்கு வரிகளைத் தாண்டித்தான் தலைப்பு வரிசை தொடங்கும். மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எந்த நாடு எந்தப் பிராந்தியத்தில் என்பதும் கணக்கிட்ட முறையும் அவற்றில்தான் இருக்கின்றன.