உலக உருண்டையா, சுவர்ப்படமா, கைபேசியா? குழந்தைக்கு முதலில் எதைக் கொடுக்கலாம்?

நான்கு முதல் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு உலகத்தைக் காட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது சுவரில் மாட்டும் உலக வரைபடத்தை. மலிவு, பெரிது, எல்லா நாடுகளும் ஒரே பார்வையில் தெரியும். ஆனாலும் என் வரிசையில் அதற்கு மூன்றாம் இடம்தான்.

உருண்டையான பூமியைத் தட்டையாக்கினால் ஏதோ ஒன்று கெட்டே தீரும். மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் 1569இல் வெளியிட்ட வரைபடம் மாலுமிகளுக்கானது. மாறாத திசையில் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்காகத் துருவப் பக்கத்து நிலங்கள் ஊதிப் பெருத்துவிட்டன. கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் சுமார் 14 மடங்கு. பெரியவர்கள் எண்ணைக் கேட்டுத் திருத்திக்கொள்வோம். குழந்தை கண்ணைத்தான் நம்பும். ஓரங்களும் ஏமாற்றும்: அலாஸ்கா இடக்கோடியில், ரஷ்யாவின் கிழக்கு முனை வலக்கோடியில். உண்மையில் அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நீரிணையின் மிகக் குறுகிய அகலமோ ஏறத்தாழ 85 கிலோமீட்டர்தான்.

சுவர்ப்படம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கழற்றித் தரையில் விரியுங்கள். படத்தின் வடக்கை உண்மையான வடக்கை நோக்கித் திருப்பி வையுங்கள். சுவரில் தொங்கும் வரை குழந்தைக்கு வடக்கு என்றால் கூரைப் பக்கம். தரைக்கு வந்ததும் அது நடந்து போகக்கூடிய திசையாகிவிடும். புதிதாக வாங்குவதென்றால் பரப்பளவைச் சரியாகக் காட்டும் வகையைத் தேடுங்கள். 2018இல் உருவான ‘ஈக்வல் எர்த்’ அப்படிப்பட்டது.

உலகத்துக்கு உருண்டைதான். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் கிரீன்லாந்தின் மேல் ஏறிப் போகும். விமானம் ஏன் அவ்வளவு வடக்கே போகிறது என்பதைத் தட்டைப் படத்தை வைத்து ஐந்து வயதுக்குப் புரியவைக்க எனக்கு வழி தெரியவில்லை. அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தால் பகலும் இரவும் வந்துவிடுகின்றன.

ஆனால் உருண்டையை மேசையில் வைத்துவிட்டால் மட்டும் போதாது. வோஸ்னியாடு, புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பூமி உருண்டை என்று சொன்ன குழந்தைகளில் சிலர் மனிதர்கள் அந்த உருண்டைக்குள்ளே தட்டையான தரையில் வாழ்வதாக எண்ணியிருந்தது தெரிந்தது. சொல் தலையில் ஏறியது, உருவம் ஏறவில்லை. அதனால் ஒரு குட்டிப் பொம்மையை உருண்டையின் அடிப்பக்கம் ஒட்டி, “இது ஏன் விழவில்லை?” என்று கேளுங்கள். ‘கீழே’ என்றால் பூமியின் நடுவை நோக்கி என்பது பிடிபடும் வரை திரும்பத் திரும்பக் கேட்கலாம். மடியில் வைத்துச் சுழற்றக்கூடிய எளிய உருண்டை போதும். மலைகள் புடைத்து நிற்கும் விலையுயர்ந்த வகை வேண்டாம். 30 சென்டிமீட்டர் உருண்டையில் எவரெஸ்ட்டின் நியாயமான உயரம் கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

“இதில் நம் வீடு எங்கே?” என்ற கேள்விக்குத்தான் உருண்டையிடம் பதில் இல்லை. அதே உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர்.

கைபேசி வரைபடத்தை நான் கடைசியில் வைப்பேன். நீலப் புள்ளி ‘நீ இங்கே’ என்று சொல்லிவிடுவதால் தேடும் வேலை மிஞ்சுவதில்லை. விரலால் விரித்தால் அளவு ஓசையில்லாமல் மாறிவிடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் தன் வீட்டுக் கூரையைக் காட்டுவதற்கு மட்டும் அது அருமையான கருவி.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது குழந்தை தானே வரையும் படம். ஒரு மேசையில் நான்கு பொருள்களை வையுங்கள். நாற்காலியில் ஏறி மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பானை வட்டமாகவும் பெட்டி சதுரமாகவும் மாறுவதைக் கண்டு வியக்கும் நேரத்தில் காகிதத்தைக் கொடுங்கள். அடுத்து அறை, பிறகு தெரு. தெருப்படத்தில் வீடுகள் கதவும் ஜன்னலுமாகப் படுத்துக் கிடக்கும். மேலிருந்து பார்ப்பதும் எதிரே நின்று பார்ப்பதும் கலந்துபோகும். அழிக்கச் சொல்லாதீர்கள், அந்தக் கலப்பு மெல்ல விலகும். அறைக்குள் ஒரு பொம்மையை ஒளித்து, படத்தில் அந்த இடத்தில் ஒரு குறி போட்டுக் கையில் கொடுங்கள். முதல் சில நாள் படத்தைப் பாராமல் அறை முழுவதும் துழாவும். ஒருநாள் நடுவில் நின்று, காகிதத்திலுள்ள கதவு அறையின் கதவுக்கு நேராக வரும்படி அதைத் திருப்பிப் பிடிக்கும். உருண்டையை எடுத்துவர அதுதான் சரியான நேரம்.