வேலூர்க்காரர்களே, பழைய காசைப் "போட்டோ எடுத்துத் தர்றேன்" என்பவரிடம் கொடுக்கும் முன்

போன மாசம் நடந்தது. கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன், அடங்குகிற வழியாகத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள்.

எங்கள் தாத்தா குடியாத்தத்தில் தறி வைத்திருந்தவர். அவர் சொத்தில் என் பங்குக்கு வந்தது ஒரு சுருக்குப்பை, அதற்குள் 23 காசுகள். பாதிக்கு மேல் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள், கொஞ்சம் அணாக்கள், ஒரே ஒரு ஆற்காட்டு ரூபாய். விற்கிற எண்ணமே கிடையாது. ஒவ்வொன்றும் எந்த மின்ட்டில் (நாணயச் சாலையில்) அடித்தது என்று குறித்து, நல்ல படமாக எடுத்து, அக்கா, தம்பி வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் பழைய காசு வாங்கி விற்கிறவர் இருக்கிறார் என்று நண்பன் சொல்லிப் போனேன். "குடுத்துட்டுப் போங்க சார், நாலு நாள்ல படம் புடிச்சு, மின்ட் எழுதி, கவர் போட்டுக் குடுத்துடறேன்" என்றார். 1,500 ரூபாய் பேசி முடித்தோம்.

அங்கேயே ஒன்று உறுத்தியது. ஆற்காட்டு ரூபாயைக் கையில் எடுத்தவர், "நம்ம பாலாத்தங்கரையில, ஆற்காட்டுலயே அடிச்சது சார் இது" என்று பெருமையாகச் சொன்னார். என்னுடையதில் தாமரை முத்திரை இருக்கிறது. தாமரை என்றால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் அடித்தது, பிறை இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தது. காசின் மேல் ஆற்காடு என்று பெயர்தான் இருக்குமே தவிர, அடித்த இடம் வேறு. இதுகூடத் தெரியாதவர் மின்ட் எழுதித் தருகிறேன் என்கிறாரே என்று அப்போதே பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்க வேண்டும். ஊர்ப் பெருமையில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் என்றவர் பதினோராவது நாள் கொடுத்தார். எல்லாக் காசும் புது எவர்சில்வர் மாதிரி பளபளவென்று இருந்தன. நான் பாலிஷ் போடச் சொல்லவே இல்லை. நூறு வருஷமாகப் படிந்த அந்தச் சாம்பல் நிறம்தான் வெள்ளிக் காசுக்கு அழகு, சேகரிப்பவர்கள் மதிக்கிறதும் அதைத்தான். புளியோ பேஸ்ட்டோ போட்டுத் தேய்த்தால் போனது போனதுதான். சரி, தெரியாமல் செய்துவிட்டார் என்று வயிறு எரிந்துகொண்டே வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது.

பையில் 1918-ல் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று இருந்தது. அபூர்வமான வருஷம் ஒன்றும் இல்லை. போர்க்காலத்தில் வெள்ளி போதாமல், அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு அனுப்பிய வருஷம், ஏகப்பட்ட ரூபாய் அடித்தார்கள். ஆனால் என்னுடையது அதிகம் கை படாத காசு. ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும் (1911-ல் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று சனங்கள் சண்டைக்கு வர, அடுத்த வருஷமே மாற்றினார்கள்), என் காசில் அந்த யானையின் தும்பிக்கை தனியாகத் தெரியும். பின்பக்கம் அடியில் தாமரைப் பூ, அதற்குக் கீழே விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. திரும்பி வந்த காசில் புள்ளியும் இல்லை, தும்பிக்கையும் இல்லை. தேய்ந்த கல்கத்தா ரூபாய் ஒன்றைக் கவரில் போட்டு, நாலு பக்கமும் பின் அடித்து, மேலே "1918 கல்கத்தா" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரை மின்ட் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் போய்க் கேட்டேன். "பாலிஷ்ல புள்ளி தேஞ்சிருக்கும் சார்" என்றார். எப்படித் தேயும்? அந்தப் புள்ளி பூவிதழுக்கும் விளிம்புக்கும் நடுவில் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது தேய வேண்டுமென்றால் முதலில் இதழ் வழிய வேண்டும், விளிம்பு வழிய வேண்டும். இந்தக் காசில் இதழ்க் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அப்படியானால் உங்ககிட்ட படம் இருக்கா சார் என்று நிதானமாகக் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

படம் இருந்தது, 23 காசுக்கும் எடுத்திருந்தேன். ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழே, ஃபிளாஷ் போட்டு, நேர் மேலே இருந்து. வருஷம் இருக்கிற இடம், புள்ளி இருக்கிற இடம் எல்லாம் வெள்ளைத் திட்டு. உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று, அக்கா மகள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்து ஸ்டேட்டஸ் போட எடுத்தது. வெயில் பக்கவாட்டில் விழுந்து, புள்ளிக்கு ஒரு மயிரிழை நிழல் இருக்கிறது. காட்டினேன். "அது தூசி சார்" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த படம், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. தூசி இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று நண்பனைக் கேட்டால், "ஒரு ரூபா காணோம்னா எழுதிக் குடுக்கப் போற?" என்று சிரிக்கிறான்.

இப்போது மீதி 22 காசையும் நானே எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு பைசா செலவில்லை. காலையில் ஜன்னலோரம், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கறுப்புத் துணி மேல் காசு. இரண்டு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் போனைப் படுக்க வைத்தால் கை ஆடாது. ரொம்பக் கிட்டே கொண்டுபோகாமல் கொஞ்சம் தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூம், திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் முக்கியமானது, ஒரே பக்கத்தை இரண்டு படம். ஒன்று வெளிச்சம் இடமிருந்து வரும்படி, துணியோடு திருப்பி இன்னொன்று வலமிருந்து. மேடான புள்ளி என்றால் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழும், பள்ளம் என்றால் வெளிச்சம் வருகிற பக்கமே இருட்டாக இருக்கும், வெறும் கறை என்றால் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி. விளிம்பையும், கீறல் ஏதாவது இருந்தால் அதையும் தனியாக எடுங்கள், அதுதான் உங்கள் காசுக்கு மச்சம். எடையையும் எழுதி வையுங்கள். புது ரூபாய் 11.66 கிராம், எனக்குத் திரும்பி வந்தது நகைக்கடைத் தராசில் 11.38 நின்றது, ஆனால் கொடுக்கும்போது எடை போடாததால் அதுவும் சாட்சிக்கு உதவவில்லை. யாருக்காவது படம் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் புள்ளியைத் தின்றுவிடும்.

நேற்று அவரிடமிருந்து ஒரு மெசேஜ். "சார், அந்த ஆற்காட்டு ரூபா குடுக்கற ஐடியா இருந்தா சொல்லுங்க, நல்ல ரேட் போட்டுத் தர்றேன்." பதில் போடவில்லை. எழுந்து போய் அதன் தாமரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.